உனக்கு ஒரு தாய்மாமன் இருக்கிறார்

அப்பு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வருங்கால மாமியார் நம் ஹாலில் உட்கார்ந்து, மடியில் ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் எத்தன பேருங்க? மாலை போடறதுக்கு, மோதிரம் போடறதுக்கெல்லாம் இப்பவே பேர் எழுதிக்கிட்டா நல்லது" என்று கேட்டார். நான் அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். நான் திரும்புவதற்குள் நீ பதில் சொல்லிவிட்டாய். "அம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லைங்க ஆன்ட்டி. சித்தப்பாதான் எல்லாம் செய்வாரு." நீ பொய் சொல்லவில்லை. நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாய். அந்த அம்மா "ஐயோ பாவம்" என்று அடுப்படிப் பக்கம் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து வைத்து, சட்னி போதுமா என்று கேட்டேன்.

உனக்கு ஒரு தாய்மாமன் இருக்கிறார். பெயர் சூசை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். உயிரோடு இருக்கிறார். நம் முடிச்சூர் வீட்டிலிருந்து தாம்பரம் போய் இரண்டு ரயில் மாறினால் போய்ச் சேர்ந்துவிடலாம்; கும்மிடிப்பூண்டியில், இலங்கை அகதிகள் முகாமில் இருக்கிறார். நானும் அங்கிருந்து வந்தவள்தான். நான் நாகர்கோவில்காரி இல்லை. பெற்றவர்கள் முகம் தெரியாமல் கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்தவளும் இல்லை. மன்னார் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் பிறந்து, பதினேழு வயதில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு படகிலிருந்து இந்தக் கரையில் இறங்கியவள். உன் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டது நான்.

இதை நேரில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். நேரில் சொன்னால் நான் அழுவேன். நான் அழுதால் உனக்குத் தாங்காது. "விடும்மா, பரவாயில்ல" என்று உடனே சொல்லிவிடுவாய். அவ்வளவு சீக்கிரம் எனக்கு அது கிடைக்கக் கூடாது. நீ தனியாக உட்கார்ந்து படி. கோபம் வந்தால் வரட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. கல்யாணம் முடிந்த இரண்டாம் மாதம் நீங்கள் இருவரும் டப்ளின் போகிறீர்கள். சில நாளாக உன் அறைக் கதவு வழியாக நீ ஏதோ வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது கேட்கிறது. முதலில் போன் பேசுகிறாய் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஊர்க்காரர்கள் இங்கிலீஷ் பேசுகிற மாதிரியே பேசிப் பழகுகிறாய். ஒரே வாக்கியத்தைப் பத்துத் தடவை. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் நானும் இப்படித்தான், தாம்பரத்தில் ஒரு ஹாஸ்டல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, "இன்னாங்க, எவ்ளோங்க, வேணாங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

முகாமில் நாங்கள் இருந்த முதல் வருடங்களைப் பற்றி நிறைய எழுத எனக்கு மனமில்லை. பத்துக்குப் பத்து அறை, நடுவே சேலையைத் திரையாகக் கட்டி அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் நான். எங்கள் அப்பா முன்பே இறந்துவிட்டார். அம்மா ஊரைவிட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "பெட்டையக் கவனமாப் பார்" என்று அண்ணனிடம் என்னை ஒப்படைத்து அனுப்பினாள். அவர் சுண்ணாம்பு அடிக்கவும் பெயின்ட் அடிக்கவும் போனார். முகாமில் பாதி ஆம்பிளைகளுக்கு அந்த வேலைதான் கிடைத்தது. தாம்பரத்தில் சிஸ்டர்கள் நடத்தும் தையல் பள்ளியில் இடம் இருக்கிறது, தங்கவும் வைத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நாலு தடவை நடையாய் நடந்து என்னை அங்கே சேர்த்தது அவர்தான். விட்டுவிட்டுப் போகும்போது, "இஞ்ச உனக்கொரு வாழ்க்கை கிடைக்கும் பிள்ளை. என்னப் பற்றி யோசியாத" என்றார். அந்தச் சொல்லை நான் எவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றினேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

தாம்பரம் எனக்குப் பிடித்துப் போயிற்று, அப்பு. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பயத்தால்தான் எல்லாம் செய்தேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி ஆசை. மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று பார்த்து, பிளாட்பாரத்தில் சரியாக அந்த இடத்தில் போய் நின்றேன் பார், அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை உன்னிடம் எப்படிச் சொல்ல? மார்க்கெட்டில் கீரைக்காரம்மா, "நம்ம பொண்ணுதானே, வாடினத குடுப்பேனா" என்று வேறு ஒருத்தியிடம் என்னைக் காட்டிச் சொன்னாள். அந்த "நம்ம" என்ற சொல்லுக்காக ஒரு வாரம் தினமும் கீரை வாங்கினேன். முகாமில் மாதாமாதம் வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்க வேண்டும். இங்கே என்னை யாரும் எண்ணவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடந்து போவதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உன் அப்பாவைச் சர்ச் பாடகர் குழுவில் சந்தித்தேன். திருமுடிவாக்கத்தில் லேத் ஆப்பரேட்டராக இருந்தார். நான் யார் என்று தெரிந்துதான் கேட்டார். அண்ணன் ஒரே ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்து என்னைப் பீடம் வரைக்கும் கூட்டிப்போனார். பிறகு வீடு தேடினோம். அப்போது இலங்கை என்று சொன்னாலே கதவைச் சாத்துவார்கள். ஒரு பெரிய தலைவரைக் குண்டு வைத்துக் கொன்ற பிறகு இங்கே எல்லோருக்கும் எங்களைப் பார்த்துப் பயம். எங்களுக்கு எல்லோரையும் பார்த்துப் பயம். மூன்று வீட்டில் இல்லை என்றார்கள். நாலாவது வீட்டு வாசலில் உன் அப்பா மெதுவாகச் சொன்னார், "நாகர்கோவில்னு சொல்லிடலாம். பேச்சு கொஞ்சம் அந்தப் பக்கம் மாதிரிதான் இருக்கு. வீடு கிடைச்சாப் போதும்." அவர் அந்த ஒரு வாசலுக்காகச் சொன்னார். நான் அதை வாழ்நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டேன். "ஓம்" என்று சொல்ல வந்த இடத்தில் "ஆமா" என்றேன். "கதைக்கிறது" போய் "பேசறது" வந்தது. நீ பிறந்தபோது உன்னைக் கொஞ்சுவதற்குக்கூட என் அம்மா என்னைக் கொஞ்சிய சொற்களை எடுக்கவில்லை. தூக்கத்தில் உளறினேனா என்று காலையில் உன் அப்பாவைக் கேட்பேன். அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பாக இல்லை.

அண்ணன் வீட்டுக்கு வரக்கூடாது என்று நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதைவிடச் சாமர்த்தியமாகச் செய்தேன். "நீங்க இவ்வளவு தூரம் அலைய வேணாம் அண்ணா, பீச் ஸ்டேஷன்ல பார்ப்பம்" என்பேன். அவருக்கு அங்கே ஒரு ரயில் வரும், எனக்கு இங்கிருந்து ஒரு ரயில் போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவோம். தங்கச்சிக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் நான் சொல்கிறேன் என்று அவர் வெகுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தார். உன்னைக் கூட்டிவரச் சொல்லிக் கேட்பார். ஸ்கூல் இருக்கு, ஜலதோஷம், டியூஷன் என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று சொன்னேன்.

இப்போது உன் ஒன்பதாவது வயதில் நடந்ததைச் சொல்கிறேன். நீயும் அங்கே இருந்தாய். அதனால்தான் இது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

அப்போது இரும்புலியூரில் சரோஜா அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தோம். இலங்கையில் மறுபடி சண்டை தொடங்கியிருந்த நேரம். அந்த வாரம்தான் போலீஸ்காரர் ஒருவர் தெருவில் வந்து, வாடகைக்கு இருப்பவர்கள் யார், எந்த ஊர் என்று வீடு வீடாக எழுதிக்கொண்டு போயிருந்தார். நானும் நாகர்கோவில் என்று சொல்லி எழுதவைத்தேன். மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலை, உன் அப்பா வேலைக்குப் போய்விட்டார், நீ மாடி வராந்தாவில் பொம்மைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தாய். படியேறி வந்தது அண்ணன். கையில் ஒரு மஞ்சள் பை. உன் அப்பா எழுதிய பழைய கடிதத்தில் விலாசம் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வழி கேட்டுக் கேட்டு வந்துவிட்டார். நான் கதவைத் திறந்து, "என்ன திடீரென்று?" என்றேன். வாங்கோ என்று சொல்லவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலேயே சரோஜா அக்கா படியேறி வந்துவிட்டார்.

"யாரும்மா இது, காலங்காத்தால?"

"பெயின்டர் அக்கா," என்றேன். "ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கணும்னு சொல்லியிருந்தேன்."

எங்கிருந்து அந்தச் சொல் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் தடுமாறவும் இல்லை. அண்ணன் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டே, இந்த ஊர்ப் பேச்சில், "ஆமாங்கம்மா. எந்த ஜன்னல்னு காட்டுங்க" என்றார். சரோஜா அக்கா அவரையும் என்னையும் பார்த்தார். "நல்லதாப் போச்சு. கீழ கேட்டு துரு புடிச்சிகினு கீது. பொங்கலுக்கு வாங்கின பச்சை பெயின்ட்டும் பிரஷ்ஷும் மிச்சம் இருக்கு. அதையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க. சாயந்தரம் ஆனாலும் பரவால்ல. மத்தியானம் இங்கயே ஒரு வாய் சாப்புடட்டும்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கு முழுவதும் உன் மாமா அந்தக் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார். துருவைச் சுரண்டி, துடைத்து, ஒவ்வொரு கம்பியாக. நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சோற்றைத் தட்டில் போட்டுக் கொண்டுபோய்ப் படியில் வைத்தேன். மேலே கூப்பிட்டு மேஜையில் வைத்துப் போட்டால் யாராவது பார்ப்பார்கள். அவர் படியில் உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்தார். நீ அவரை விட்டு நகரவில்லை. "அங்கிள், உங்க பேரு என்ன?" என்று கேட்டாய். அவர் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். "பெயின்டர்னே கூப்பிடு ராசா" என்றார். உன் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து, கையைப் பிடித்து, ஒரு கம்பி முழுக்க உன்னை அடிக்க விட்டார். மூக்கு நுனியில் பச்சைப் பெயின்ட்டோடு நீ ஓடிவந்து என்னிடம் காட்டினாய். "அழுக்குப் பண்ணிக்காத" என்று உன்னை அடித்தேன். எதற்காக அடித்தேன் என்று அன்று உனக்குப் புரிந்திருக்காது. அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

சாயந்தரம் நான் கீழே இறங்கியபோது அவர் மண்ணெண்ணெயில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சரோஜா அக்கா திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் குனிந்தபடி, உதடு அசையாமல் சொன்னார்.

"அம்மா போயிட்டா, பிள்ளை. பத்து நாளாச்சு. இடம்பெயர்ந்து போன இடத்தில. காய்ச்சல். அதச் சொல்லத்தான் வந்தனான்."

 என் அம்மா செத்துப்போன செய்தி, அப்பு. படகில் ஏற்றும்போது என் தலையில் முத்தம் கொடுத்தவள். என் அண்ணன் அதைக் காலையிலிருந்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, என் வீட்டு வாசலில் துரு சுரண்டியிருக்கிறார். அவரைக் கட்டிக்கொண்டு கதறியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சரோஜா அக்காவுக்குக் கேட்கிற மாதிரி, "சரிங்க, ஜன்னலை இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பையிலிருந்து ஒரு ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துப் படியில் வைத்தார். "பொடியனுக்கு" என்று மட்டும் சொன்னார். போய்விட்டார். நான் மேலே போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

உன் அப்பா வந்ததும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நாளைக்கே போவோம். நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். நான் மாட்டேன் என்றேன். எந்த முகத்தோடு போவது? அவர் தனியாகப் போகிறேன் என்றார். அதையும் தடுத்தேன். அண்ணன் இரண்டு கடிதம் போட்டார். அம்மாவுக்காக முகாம் கோயிலில் பூசை வைத்ததை எழுதியிருந்தார். கேட் பற்றி ஒரு சொல் இல்லை. நான் பதில் போடவில்லை. அப்புறம் முடிச்சூரில் இந்த வீட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். புது விலாசத்தை அவருக்குத் தெரிவிக்கவில்லை. நம் வீட்டில் ஏன் கல்யாண ஆல்பம் இல்லை என்று நீ ஒருமுறை கேட்டாய், வெள்ளத்தில் போய்விட்டது என்றேன். வெள்ளத்தில் போனது நிஜம். அதற்கு வெகுநாள் முன்பே, அவர் இருந்த படங்களை நான் ஒவ்வொன்றாக உரித்து எடுத்துவிட்டேன் என்பதும் நிஜம்.

அந்த வெள்ளத்தை நீ மறந்திருக்க மாட்டாய். காலேஜில் சேர்ந்திருந்தாய். தரைத்தளம் முழுக்க மூழ்கி, மொட்டை மாடியில் நின்றோம். மீன்பிடிக்கிறவர்கள் கடற்கரையிலிருந்து லாரியில் படகைக் கொண்டுவந்து நம் தெருவுக்குள் ஓட்டி வந்தார்கள். என்னை முதலில் இறக்கினார்கள். படகு ஆடியதும், அந்த டீசல் வாசனை மூக்கில் ஏறியதும், எனக்குப் பதினேழு வயது ஆகிவிட்டது. நீ இன்னும் மேலே நிற்கிறாய். "ஐயோ, என்ர பிள்ளை! என்ர பிள்ளையப் பிடியுங்கோ!" என்று கத்தினேன். எத்தனையோ வருடம் கட்டிக் காத்த நாக்கு ஒரு நொடியில் கைவிட்டுவிட்டது. நீ இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா, வேற மாதிரி பேசுற?" என்றாய். "பயத்துல ஊர்ப் பேச்சு வந்துடுச்சுடா" என்றேன். முதல் தடவையாக உன்னிடம் பாதி உண்மை சொன்னேன்.

வீடு காய்கிறவரை இரும்புலியூரில் சரோஜா அக்கா வீட்டில்தான் இருந்தோம். அவராகவே ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார். ஒருநாள் மத்தியானம் இருவரும் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"உங்கண்ணன் நல்லா கீறாராம்மா?"

கத்தி என் விரலில் இறங்கியது. "எந்த அண்ணன்?" என்றேன்.

"இன்னாமா நீ. பிரஷ்ஷு இல்லாம எந்த பெயின்டர்மா வேலைக்கு வருவான்? உனக்கும் அவருக்கும் ஒரே மூஞ்சி. நீ சிலோன்னு நீ குடிவந்த மாசமே எனக்குத் தெரியும். கொழந்தைக்கு ஜுரம் வந்தப்போ ராவெல்லாம் அது கூப்புடக் கூப்புட 'ஓம், ஓம்'னு கண்ணீர் விட்டுகினு இருந்த."

"அப்ப ஏன் அக்கா ஒண்ணும் கேக்கல?"

"நீயே சொல்லாதப்போ நான் இன்னாத்த கேக்கறது? அந்த மனுசன் எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தாரோ, நீ வாசல்லயே அனுப்பிச்சிடப் போறியேன்னுதான் கேட்டுக்கு பெயின்ட்டுன்னு ஒண்ணு சொன்னேன். சாயந்தரம் வரைக்கும் உன் கண்ணு முன்னாடி இருக்கட்டும்னு. மத்தியானம் மேல கூப்ட்டு சோறு போடுவேன்னு நெனச்சேன். நீ படியில கொண்டாந்து வெச்ச." அவர் எழுந்து மஞ்சள்தூளைக் கொண்டுவந்து என் விரலில் அழுத்தினார். 

இதைக் கேட்டதும் பெரிய பாரம் இறங்கியிருக்க வேண்டும் இல்லையா? மறுநாளே ஓடியிருக்க வேண்டும். நான் ஓடவில்லை. இந்த ஊர் என்னைத் தெரிந்துகொண்டேதான் வைத்துக்கொண்டிருந்தது, நான் கொடுத்த விலையை யாரும் கேட்கவே இல்லை என்று தெரிந்தபிறகு, அண்ணன் முகத்தைப் பார்ப்பது இன்னும் முடியாத காரியமாகிவிட்டது. பயத்துக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. வெள்ளத்துக்கு முன்னால் நான் போகாததை யாராவது மன்னிக்கலாம். அதற்குப் பிறகும் இத்தனை வருடம் போகாததற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. உன் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "பையன்கிட்ட சொல்லிடு. கல்யாணத்துக்குள்ள சொல்லிடு" என்றார். சரி என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் வாயால் "யாரும் இல்லைங்க" என்று கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை பல் டாக்டரிடம் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேனே, முகாமுக்குத்தான் போனேன். இருப்பாரா, ஊருக்குத் திரும்பிப் போயிருப்பாரா, ஒன்றும் தெரியாது. வாசலில் ஒரு பெண்ணிடம் சூசை என்று சொன்னதும், "பெயின்டர் சூசை அண்ணையா? மூன்றாவது லைன்" என்று காட்டினாள். கதவு திறந்துதான் இருந்தது. தலை முழுக்க நரைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு என்னை அடையாளம் காண ஒரு நொடிகூட ஆகவில்லை.

"வா பிள்ளை. வெயிலுக்கை நிக்காத" என்றார்.

அண்ணன் மனைவி, என் அண்ணி, உள்ளேயிருந்து வந்தார். அவருக்கு என்மேல் கோபம். காட்டினார். தேத்தண்ணீரைத் தட்டென்று வைத்துவிட்டு, "இப்பதான் வழி தெரிஞ்சதோ?" என்றார். நியாயம்தான். நான் அண்ணன் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ரயில் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். "அண்ணா, அந்தக் கேட்டு..." என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உனக்குப் பயம். எனக்குத் தெரியும். ஆனா ஒண்டு சொல்றன். அம்மாவுக்காக ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நேரம் அழுதிருக்கலாம். அதுதான் எனக்கு இண்டைக்கும் ஆறேல்ல."

பிறகு நாங்கள் அழுதோம். அண்ணியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருடம் தள்ளி, என் அம்மாவின் சாவுக்கு அன்றைக்குத்தான் அழுதேன்.

கல்யாணத்தைச் சொன்னேன். வரவேண்டும், தாய்மாமனாக மாலை போட வேண்டும் என்றேன். முகாமை விட்டு வெளியே தங்குவதென்றால் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். எங்கே, யார் வீடு, என்ன உறவு என்று கேட்பார்கள். அவர் பேனாவை எடுத்து, உறவு என்ற இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். "எழுதலாமோ? உனக்குப் பேந்து கரைச்சல் ஒண்டும் வராதோ?" என்றார். பிறகு எனக்குத் தொல்லை வருமோ என்று அப்போதும் அவருக்கு என் கவலைதான். நான் தாளை வாங்கி, "உடன்பிறந்த தங்கை" என்று என் கையாலேயே எழுதி, முடிச்சூர் விலாசத்தை எழுதி, கையெழுத்துப் போட்டேன். என் காகிதங்களைப் பற்றி யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உனக்கு ஒரு சிக்கலும் வராது; உன் அப்பா இந்த ஊர்க்காரர், நீ இங்கே பிறந்தவன். வக்கீலிடம் கேட்டுவிட்டேன்.

நாளைக்கு உன் மாமியாருக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அவர்கள் முகம் சுளிக்கலாம். மறைத்தீர்களே என்று கேட்கலாம். கேட்கட்டும், மறைத்தவள் நான்தான், நீ இல்லை என்று சொல்வேன். உன் கல்யாணத்துக்கு இதனால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்வேன்.

டப்ளினுக்குப் போ. அந்த ஊரை ஆசையாகப் பிடித்துக்கொள். அவர்கள் பேசுகிற மாதிரி பேசு, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடு, எந்தப் பஸ் எங்கே நிற்கும் என்று தெரிந்துகொண்டு பெருமைப்படு. அதில் ஒரு தப்பும் இல்லை. நான் தாம்பரத்தை விரும்பியதை இன்றைக்கும் தப்பென்று நினைக்கவில்லை. என்றைக்காவது இங்கிருந்து ஒருவர், கசங்கின சட்டையும் துணிப்பையுமாக உன் வாசலில் வந்து நிற்பார். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று கேட்பார். அப்போது முதலில் உள்ளே கூப்பிட்டு உட்கார வை. பிறகு யார் என்று சொல். இதற்குமேல் உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை.

வருகிற ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கல்யாணப் பத்திரிகை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போகிறேன். நீ வந்தால் இருவரும் போவோம். உன் மாமா புதன்கிழமை நான் கிளம்பும்போது, "பொடியன் வருவானோ?" என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். நீ வராவிட்டால், அவனுக்கு வேலை இருக்கிறது, உடம்பு சரியில்லை என்று ஒன்றும் சொல்லமாட்டேன். உங்களைப் பற்றி இத்தனை வருடம் அவனிடம் மறைத்தேன், அதனால் என்மேல் கோபமாக இருக்கிறான் என்று உள்ளதைச் சொல்வேன்.

அம்மா